ஷாவில் தொடங்கிய செக்

நாம் தமிழில் பேசும்போதே 'செக்' என்ற சொல்லை எத்தனை விதமாகப் புழங்குகிறோம், பாருங்கள். கதவு பூட்டியிருக்கிறதா என்று செக் பண்ணுகிறோம், பணம் கொடுக்க செக் எழுதுகிறோம், கட்டம் போட்ட சட்டையை செக்டு ஷர்ட் என்கிறோம். உடம்புக்கு செக்கப், விமானத்துக்கு செக்கின், எல்லையில் செக்போஸ்ட். ஒருத்தர் போட்ட திட்டத்தை இன்னொருத்தர் மடக்கிவிட்டால் 'செக் வெச்சுட்டார்' என்கிறோம். அரசியல் செய்தித் தலைப்புகள் பாதி இந்த ஒரு சொல்லில்தான் ஓடுகின்றன.

இதில் கடைசியாகச் சொன்னது, சதுரங்கத்திலிருந்து வந்த செக்தான் மூத்தது. மற்றவை எல்லாம் அதற்குப் பிறந்த பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். வங்கிச் செக் உட்பட.

பொதுவாக ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இப்படித் தாறுமாறாகப் பல அர்த்தங்கள் இருந்தால், அங்கே வெவ்வேறு வேர்கள் வந்து ஒரே உச்சரிப்பில் முட்டிக்கொண்டிருக்கும். 'மேட்' என்ற சொல் அப்படித்தான். கூட்டாளி என்ற பொருளில் வரும் மேட், கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்று பொருள்படும் பழைய ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்தது. செக்மேட்டில் வரும் மேட் பாரசீகத்திலிருந்து வந்தது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் செக் அப்படியில்லை. சதுரங்கச் செக், வங்கிச் செக், சட்டைச் செக், சரிபார்க்கிற செக் எல்லாமே ஒரே வேர். ஒரே ஒரு ராஜா.

ராஜா என்றால் நிஜமாகவே ராஜாதான். பாரசீகத்தில் 'ஷா'. அதன் பழைய வடிவம் 'க்ஷாயதிய'. மேற்கு ஈரானில் பெஹிஸ்தூன் என்ற இடத்தில் கி.மு. 520 வாக்கில் மன்னர் டேரியஸ் ஒரு பெரிய மலைப்பாறையில் மூன்று மொழிகளில் கல்வெட்டு வெட்டிவைத்தார். ஆரம்பத்திலேயே தன்னைப் பேரரசன், அரசர்களுக்கு அரசன் என்று சொல்லிக்கொள்கிறார். அதன் பழைய பாரசீகப் பகுதியில் 'அரசன்' என்று வருகிற இடத்தில் எல்லாம் இந்தச் சொல்தான். பிற்காலத்தில் 'ஷாஹன்ஷா' ஆனது அதே தொடர்தான். ஆளுவது என்ற பொருளுள்ள இதன் வேர், சமஸ்கிருதத்தில் க்ஷத்திரம், க்ஷத்திரியன் என்ற சொற்களிலும் இருக்கிறது. ஆக, க்ஷத்திரியனும் செக்கும் தூரத்துச் சொந்தம். இதைச் சொன்னால் யாரும் சட்டென்று நம்ப மாட்டார்கள்.

சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்குப் போனது, அங்கிருந்து அரபு உலகத்துக்கு, அங்கிருந்து ஐரோப்பாவுக்கு. ஆட்டத்தின் பெயர் பாரசீகத்தில் சத்ரங், அரபியில் ஷத்ரஞ்ச். எதிராளியின் ராஜாவைத் தாக்கும் இடத்தில் காயை வைத்ததும், 'உன் ராஜாவைப் பார்த்துக்கொள்' என்று எச்சரிக்கும் விதமாக 'ஷா!' என்று சொல்வது வழக்கம். இந்த ஒற்றைக் கூப்பாடுதான் லத்தீனில் ஸ்காக்குஸ் என்று திரிந்து, பழைய பிரெஞ்சில் எஸ்செக் ஆகி, 1300 வாக்கில் ஆங்கிலத்தில் செக் என்று வந்து நின்றது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மைதான் ஆங்கிலத்தில் செஸ். அதாவது செஸ் என்றால் 'செக்குகள்', இன்னும் பின்னால் போனால் 'ராஜாக்கள்'. அப்படியென்றால் செஸ்ஸில் செக் வைப்பது என்பது ராஜாக்களில் ராஜா வைப்பது என்றாகிறது. சரி, விடுங்கள்.

ஆட்டத்துக்குப் பெயர் வைத்ததில் ஐரோப்பிய மொழிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டன. ஸ்பானியமும் போர்த்துகீசியமும் ஷத்ரஞ்ச் கட்சி: ஒன்றில் அஹெத்ரேஸ், இன்னொன்றில் ஷத்ரேஸ். மற்ற பலவும் ஷா கட்சி: ஜெர்மனில் ஷாக், இத்தாலியனில் ஸ்காக்கி, பிரெஞ்சில் எஷெக். ரஷ்யர்கள் ஆட்டத்தின் முடிவையும் சேர்த்து ஷாஹ்மதி என்று வைத்துக்கொண்டார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது பிரெஞ்சுதான். அங்கே எஷெக் என்ற சொல்லுக்குத் தோல்வி என்றும் பொருள். தேர்வில் தோற்றாலும் தொழிலில் நொடித்தாலும் அதே சொல். ராஜாவின் பட்டம் கடைசியில் தோல்விக்குப் பெயராகிவிட்டது.

செக்மேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 'ஷா மாத்' என்றால் 'ராஜா செத்தார்' என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அரபியில் 'மாத' என்றால் இறந்தான் என்பது உண்மைதான், அதனால்தான் இந்தக் குழப்பமே. ஆனால் பாரசீகத்தில் 'மாத்' என்பதற்குத் திகைத்து, வழியற்று நின்றுபோனான் என்ற பொருள்தான் பொருத்தம் என்று சொல்லாராய்ச்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள். நான் அவர்கள் பக்கம். காரணம் ஆட்டத்திலேயே இருக்கிறது: செஸ்ஸில் ராஜா ஒருபோதும் வெட்டப்படுவதில்லை. சிப்பாய் சாகலாம், குதிரை சாகலாம், ராணியே சாகலாம். ராஜாவுக்கு மட்டும் போக்கிடம் இல்லை என்று ஆனதும் ஆட்டம் நின்றுவிடும். வெட்டுவதற்கு ஒரு நகர்வு முன்னாலேயே முடிந்துவிடுகிற ஆட்டத்தில் ராஜா எங்கிருந்து செத்தார்?

இதுவரைக்கும் வந்ததெல்லாம் ஆட்டம். இது எப்படிக் கணக்குப் புத்தகத்துக்குள் நுழைந்தது என்பதுதான் உண்மையில் சுவாரசியமான பகுதி. அதற்கு 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குப் போக வேண்டும்.

முதலாம் ஹென்றி (1100-1135) காலத்திலேயே அங்கே அரசாங்க வரவுசெலவைத் தணிக்கை செய்கிற ஒரு சபை இருந்தது. அதற்குப் பெயர் எக்ஸ்செக்கர். பழைய பிரெஞ்சில் எஸ்செக்கியேர் என்றால் சதுரங்கப் பலகை. பணத்துறைக்கு ஏன் சதுரங்கப் பலகையின் பெயர்? ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்பவர் இரண்டாம் ஹென்றியின் கருவூலத் தலைவராக இருந்தவர். அவர் 1170-களின் கடைசியில் இந்தச் சபை எப்படி நடக்கிறது என்பதைக் குரு-சீடன் உரையாடலாக லத்தீனில் எழுதிவைத்திருக்கிறார். ஒரு அரசாங்க அலுவலகம் எப்படி வேலை செய்கிறது என்று உள்ளே இருந்த ஆளே உட்கார்ந்து விளக்கியது நம் அதிர்ஷ்டம்.

அவர் சொல்வது இது. சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலம் உள்ள ஒரு மேசை. அதன் மேல் வைத்தது கீழே உருண்டுவிடாமல் இருக்கச் சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே விரிக்க ஒவ்வொரு ஈஸ்டருக்கும் புதிதாக வாங்கிய ஒரு கறுப்புத் துணி. அந்தத் துணியில் ஒரு அடிக்கு, அல்லது ஒரு சாணுக்கு ஒன்றாகக் கோடுகள். கோடுகளுக்கு நடுவே உள்ள இடங்களில் வில்லைகளை வைத்துத்தான் கணக்கு.

எதற்கு இவ்வளவு ஏற்பாடு என்று கேட்டால், அவர்கள் எண்களை எழுதியது ரோமன் முறையில். அதில் எழுதி வைக்கலாம், கூட்டிக் கழிப்பது பெரும்பாடு. போதாததற்கு 12 பென்னிக்கு ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங்குக்கு ஒரு பவுண்டு என்ற கணக்கு வேறு. அதனால் துணியில் வலது ஓரப் பத்தி பென்னிக்கு, அடுத்தது ஷில்லிங்குக்கு, அப்புறம் பவுண்டு, அப்புறம் இருபது பவுண்டுகள், நூறு, ஆயிரம் என்று இடப்பக்கமாகப் போகும். ஒரு மாவட்டத்தில் அரசனுக்கான வருவாயை வசூலித்துக் கட்டும் அதிகாரியான ஷெரிஃப் கட்ட வேண்டியது 126 பவுண்டு, 7 ஷில்லிங், 4 பென்னி என்று வையுங்கள். நூறில் ஒரு வில்லை, இருபதில் ஒன்று, பவுண்டில் ஆறு, ஷில்லிங்கில் ஏழு, பென்னியில் நான்கு. அதற்குக் கீழ் வரிசையில் அவர் ஏற்கெனவே கட்டியது: 102 பவுண்டு, 7 ஷில்லிங். மேலும் கீழும் ஜோடி ஜோடியாக வில்லைகளை எடுத்துவிட்டால் மேலே மிஞ்சுவது இருபதில் ஒன்று, பவுண்டில் நான்கு, பென்னியில் நான்கு. ஆக, பாக்கி 24 பவுண்டு 4 பென்னி. எழுதப் படிக்கத் தெரியாத ஷெரிஃப்பும் தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம், யாரும் ஏமாற்ற முடியாது.

ஏன் எக்ஸ்செக்கர் என்று பெயர் என்று சீடன் கேட்கிறான். மேசை பார்க்கச் சதுரங்கப் பலகை மாதிரி இருப்பதால்தான், இதைவிட உண்மையான காரணம் தோன்றவில்லை என்கிறார் குரு. அதோடு விடவில்லை: சதுரங்கத்தில் இரண்டு ராஜாக்களுக்கு நடுவே சண்டை நடப்பது போல, இங்கே கருவூலத் தலைவருக்கும் கணக்குக் கொடுக்க வந்த ஷெரிஃப்புக்கும் நடுவே நடக்கிறது, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறார்கள் என்கிறார். அவரே கருவூலத் தலைவர் என்பதை நினைவில் வையுங்கள். ஷெரிஃப் வந்து உட்கார்ந்ததும் இவர் மனசுக்குள் 'செக்' என்று சொல்லிக்கொண்டிருப்பார் என்பது என் சந்தேகம்.

பணம் கட்டியதற்கு ரசீது? காகிதம் இல்லை, குச்சி. ஒரு மரக்குச்சியில் தொகைக்கு ஏற்ற வெட்டு போடுவார்கள். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலம், நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு முற்றிய பார்லி மணி அளவு. பென்னிக்கு மரத்தைச் செதுக்கி எடுக்காமல் வெறும் கீறல். அப்புறம் குச்சியை நீளவாக்கில் பிளந்து, பெரிய பாதி பணம் கட்டியவருக்கு, சின்னப் பாதி கருவூலத்துக்கு. பின்னால் தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் போதும். வெட்டும் மரத்தின் வரியும் பொருந்தாவிட்டால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். பெரிய பாதியின் ஆங்கிலப் பெயர் ஸ்டாக், அடிக்கட்டை என்று பொருள். இந்தக் குச்சிகள் 1826 வரை புழக்கத்தில் இருந்தன என்பதை முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். குவிந்து கிடந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த உலைகளில் போட்டு எரித்தார்கள், தீ பரவி நாடாளுமன்றமே எரிந்துபோனது.

சரி, 'தடு' என்ற செக் எப்படி 'சரிபார்' என்ற செக் ஆனது? முதல் படி எளிது. ராஜாவுக்கு ஆபத்து என்றால் எதிராளி தன் திட்டத்தை எல்லாம் அப்படியே போட்டுவிட்டு அதைக் கவனித்தாக வேண்டும். ஆக செக் என்றால் திடீரென்று நிறுத்துவது, தடுப்பது, அடக்கி வைப்பது. இந்தப் பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது: அதிகாரத்தின் ஒரு கிளை இன்னொன்றைக் கட்டுக்குள் வைப்பதை அரசியல் சட்டக்காரர்கள் 'செக்ஸ் அண்ட் பாலன்ஸஸ்' என்பது இதைத்தான். இரண்டாவது படியில்தான் கணக்குப்பிள்ளைகள் வருகிறார்கள். பிழையையும் திருட்டையும் தடுக்க என்ன வழி? ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். தடுப்பதற்காகச் செய்த வேலைக்கே தடுப்பின் பெயர் வந்துவிட்டது. இது ஏதோ தற்செயல் என்று நினைத்தால், 'கன்ட்ரோல்' என்ற சொல்லைப் பாருங்கள். அது 'எதிர்ச் சுருள்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. கணக்குச் சுருளுக்கு ஒரு நகல் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பது. அங்கே ஒப்பிடுவதில் தொடங்கி அடக்குவதில் முடிந்தது, இங்கே அடக்குவதில் தொடங்கி ஒப்பிடுவதில் முடிந்தது.

வங்கிச் செக் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. ஒருவர் தன் பணத்தை வைத்திருப்பவருக்கு 'இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும்' என்று சீட்டு எழுதுவது பழைய வழக்கம். லண்டனில் மோரிஸ் அண்ட் கிளேட்டன் என்ற நிறுவனத்தின் பேரில் 1659 தேதியிட்டு எழுதிய அப்படி ஒரு சீட்டு இன்றும் இருக்கிறது. ஆனால் அப்போது அதற்குச் செக் என்று பெயர் இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் செக் என்று சொன்னது, மோசடியைத் தடுப்பதற்காகச் சீட்டோடு ஒட்டி இருந்து வெட்டி வைத்துக்கொள்கிற அடிக்கட்டையை. அடிக்கட்டையின் பெயர் மெல்ல மெல்ல அது ஒட்டியிருந்த சீட்டுக்கே ஏறிவிட்டது. உண்மையான அடிக்கட்டை இப்போது பெயரில்லாமல் போய், கவுண்டர்ஃபாயில் என்று வேறு பெயர் தேடிக்கொண்டது.

அமெரிக்கர்கள் இந்தச் செக்கையும் மற்றச் செக்கைப் போலவே நேராக எழுதுகிறார்கள். பிரிட்டனிலோ கடைசியில் க்யூ, யூ, இ என்று மூன்று எழுத்தை வால் போல ஒட்டிவிட்டார்கள், எக்ஸ்செக்கரின் சாயல் வரட்டும் என்று. அந்த எக்ஸ்செக்கரின் முன்னால் இருக்கும் 'எக்ஸ்'ஸும் அசல் இல்லை. பழைய பிரெஞ்சின் 'எஸ்' என்ற தொடக்கத்தை லத்தீன் 'எக்ஸ்' என்று நினைத்துக்கொண்டு யாரோ திருத்திவிட்டார்கள். சொல்லின் தலையும் போலி, வாலும் போலி. அப்புறம் பிரெஞ்சுக்காரர்கள் இதே வங்கிச் செக்கை ஆங்கிலத்திடமிருந்து திரும்பக் கடன் வாங்கினார்கள்! ஆக பிரெஞ்சில் இப்போது தோல்விக்கு எஷெக், காசோலைக்கு ஷெக். ஜெர்மனில் சதுரங்கத்துக்கு ஷாக், காசோலைக்கு ஷெக். வெளியூர் போய் வேறு பெயரில் திரும்பி வந்த சொந்தப் பிள்ளையை அடையாளம் தெரியாமல் வீட்டில் சேர்த்துக்கொண்ட கதை.

ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டிய இரண்டு பாதிகள் என்ற எண்ணம் பிடிபட்டுவிட்டால் அமெரிக்க ஆங்கிலத்தின் பல செக்குகள் தானாகவே விளங்கிவிடும். கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வாங்குகிற டோக்கன் செக், பெட்டிக்கு வாங்குகிற சீட்டு செக். மழை வந்து பேஸ்பால் ஆட்டம் நின்றுபோனால் கையில் இருக்கும் டிக்கெட் துண்டைக் காட்டி இன்னொரு நாள் ஆட்டத்துக்கு வரலாம் என்ற ஏற்பாடு 1880-களில் வந்தது. அந்தத் துண்டு 'ரெயின் செக்'. இன்று யாராவது விருந்துக்கு அழைத்து, இப்போது முடியாது, இன்னொரு நாள் வருகிறேன் என்று நாசூக்காகச் சொல்வதற்கு அதே பெயர். சூதாட்ட விடுதியில் வேலை செய்கிறவர்கள் வில்லைகளையும் செக் என்றே சொல்வார்கள். அந்த வில்லைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போவது, அமெரிக்கப் பேச்சு வழக்கில் செத்துப்போவதைக் குறித்தது. ஷா மாத்தில் சாகாத ராஜா கடைசியில் இங்கேதான் செத்தார்.

கட்டம் போட்ட துணியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. சதுரங்கப் பலகை மாதிரி இருக்கிறது, அதனால் செக். கார் பந்தயம் முடிந்ததும் ஆட்டும் கொடி, பல நாட்டுப் போலீஸ் தொப்பியைச் சுற்றியுள்ள கறுப்பு வெள்ளைக் கட்டப் பட்டை எல்லாம் இதே குடும்பம். அந்தப் பட்டையை 1932-ல் கிளாஸ்கோ போலீஸில் கொண்டுவந்தவர் பெர்சி சில்லிட்டோ.

வேட்டைக்காரர்களிடமும் ஒரு செக் இருந்தது. மோப்பம் விட்டுப்போய் நாய்கள் திகைத்து நின்றால் அது செக். பழக்கிய வல்லூறு, குறிவைத்த இரையை விட்டுவிட்டு குறுக்கே பறக்கிற வேறு ஏதோ பறவையைத் துரத்தப் போனால் அதுவும் செக். ஐஸ் ஹாக்கியில் உடம்பால் மோதி ஆளை நிறுத்துவது இன்றும் செக்தான், அதில் பழைய ஷா மாத்தின் முரட்டுத்தனம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஒரு காலத்தில் திட்டு வாங்குவதற்கும் செக் என்று சொன்னார்கள், அது ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வருவது கணினித் திரையில் வருகிற செக்பாக்ஸைப் பார்த்தால். அதில் 'செக்' என்பது சரி பார்த்தேன் என்று போடுகிற குறியைத்தான் சொல்கிறது, கட்டத்தை அல்ல. ஆனாலும் ஒரு நீண்ட படிவத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள் வரிசையாக நிற்கும்போது, பிரிந்துபோன இரண்டு அர்த்தங்களும் தெரியாமலே ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

செக் நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, அது அந்த மக்களின் சொந்தப் பெயர். எண்ணெய் ஆட்டுகிற செக்குக்கும் கிடையாது. கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பிள்ளைகளில் இப்போது உடம்பு சரியில்லாமல் படுத்திருப்பது வங்கிச் செக். டென்மார்க்கில் வங்கிகள் 2017 தொடக்கத்தோடு அதை நிறுத்திவிட்டன, நியூசிலாந்தின் பெரிய வங்கிகள் 2021-க்குள் கைகழுவிவிட்டன. பிரிட்டனில் 2018-ஆம் ஆண்டோடு முடித்துக்கொள்ளப்போவதாக முன்கூட்டியே அறிவித்தார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் 2011-ல் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். அங்கே நிதியமைச்சருக்கு இன்றும் 'எக்ஸ்செக்கரின் சான்ஸலர்' என்றுதான் பதவிப்பெயர். மேசையும் இல்லை, கறுப்புத் துணியும் இல்லை, வில்லையும் இல்லை.